வயிற்றுக் குழந்தையின் இதயத்தில் கட்டி. மூளையை ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவிக்கு 31 வாரம், முதல் குழந்தை. ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. இப்போது வளர்ச்சி பார்க்க எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயத்துக்குள் மூன்று கட்டிகள் தெரிந்திருக்கின்றன. எக்கோ எடுத்த டாக்டர் 'ராப்டோமயோமா, புற்றுநோய் கிடையாது, தானாகவே கரைந்துவிடும்' என்று சொல்லியிருக்கிறார். ஆனால் சீட்டில் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸா என்று பார்க்க வேண்டும், பிறந்தபின் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், வலிப்பு வரலாம் என்று எழுதியிருக்கிறார். மனைவி இவருக்கு அத்தை மகள். 'சொந்தத்தில் கட்டினதால்தான் இப்படி' என்று ஒரு பக்கமும், 'கிரகணத்தன்று வெளியே வந்தாள்' என்று இன்னொரு பக்கமும் பேச்சு ஓடுகிறது. கட்டி உடைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் என்று இணையத்தில் வேறு படித்திருக்கிறார். ஆபரேஷன் உண்டா, ஐந்தாம் மாத ஸ்கேனில் கோட்டை விட்டார்களா, மனைவியிடம் எவ்வளவு சொல்லலாம் என்றும் கேட்கிறார்.

இத்தனை கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கரையப் போகிற கட்டி என்றால் மூளையை ஏன் இழுக்கிறார்கள்? அதற்குச் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இதயத்திலிருந்து மூளைக்கு எதுவும் போகவில்லை. டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்கிற ஒரே மரபணுக் கோளாறு இதயத்திலும் மூளையிலும் தனித்தனியாக வேலை செய்கிறது. இதயத்தில் இருப்பது ஸ்கேனில் முதலில் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தக் கட்டியால் பெரிய தொந்தரவு இருப்பதில்லை. நீங்கள் விழித்திருக்க வேண்டியது குழந்தையின் முதல் வருடத்து வலிப்புக்காக. அந்த வலிப்பு பார்ப்பதற்கு வலிப்பு மாதிரியே இருக்காது. நான் குழந்தைகளுக்கான நரம்பியல் பார்ப்பவன். இந்தப் பதிலில் அதிக இடம் அதற்குத்தான் போகும். உங்கள் ஸ்கேன் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக நிச்சயமானதைச் சொல்கிறேன், உங்கள் குழந்தைக்கென்று சொல்ல வேண்டியதை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

முதலில் இதயம். வயிற்றுக் குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதயத்தில் வரும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது ராப்டோமயோமாதான். இதயத் தசை செல்களே அளவுக்கு மீறிப் பருத்துத் திரண்டது அது. பரவாது, வேறு இடத்துக்குப் போகாது. பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அம்மாவின் ஹார்மோன்களால் கொஞ்சம் பெருக்கவும் செய்யும். ஆகவே ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியாமல் போனது யாருடைய தவறும் அல்ல. அன்றைக்கு அங்கே எதுவும் இல்லாமலேகூட இருந்திருக்கலாம். பிறந்த பிறகு பெரும்பாலான கட்டிகள் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே சுருங்க ஆரம்பிக்கும். பள்ளிக்கூடம் போகும் வயதில் பல குழந்தைகளுக்கு எக்கோவில் தேடினாலும் கிடைக்காது. உங்கள் டாக்டர் 'கரையும்' என்றது ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை இல்லை.

ஆனாலும் கட்டி இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சுவரோடு சுவராக இருந்தால் கவலை குறைவு. ரத்தம் வெளியேறும் பாதையிலோ வால்வுக்குப் பக்கத்திலோ இருந்தால் அடைப்பு வரலாம். வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் நெஞ்சிலும் வயிற்றிலும் தோலுக்கடியிலும் நீர் கோத்துக்கொண்டால் அது அவசரம். இதயத்தின் மின்னோட்டம் போகும் வழியில் கட்டி இருந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். சில குழந்தைகளுக்கு மின்னோட்டம் குறுக்கு வழியில் பாய்ந்து படபடவென்று வேகமாக அடிக்கும். அதனால்தான் பிறந்த உடன் எக்கோவோடு ஈ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். எக்கோவில் சின்னக் கட்டி என்று வந்தாலும் ஈ.சி.ஜி.யை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் என்பது அடைப்பு உயிருக்கு ஆபத்தாக நிற்கும் மிகச் சில குழந்தைகளுக்குத்தான். தானாகச் சுருங்கும் ஒன்றை வெட்டி எடுக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். எவரோலிமஸ், சிரோலிமஸ் என்ற மருந்துகள் கொடுத்து அடைக்கும் கட்டியைச் சீக்கிரம் சுருக்கிய குழந்தைகள் உண்டு. தாய்க்குக் கொடுத்து வயிற்றுக் குழந்தையின் கட்டியைச் சுருக்கியதாகவும் ஆங்காங்கே அறிக்கைகள் வந்திருக்கின்றன. ஆனால் அது எல்லோருக்கும் தரலாம் என்று உறுதியான சிகிச்சை இல்லை. எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு 'சீக்கிரம் கரையட்டும்' என்று இதைத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பக்கவாதம் பற்றி நீங்கள் படித்தது பொய் இல்லை, ஆனால் அது வேறு கட்டி. மிக்ஸோமா என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு, பெரும்பாலும் இதயத்தின் இடது மேலறையில், காம்பில் தொங்குவது போல வளரும். கொழகொழவென்று இருக்கும். அதன் துணுக்கோ அதன்மேல் உறைந்த ரத்தமோ பிய்ந்து மூளை ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். முப்பது, நாற்பது வயதில், சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, திடீரென்று ஒரு கை கால் விழுந்துவிட்டது என்று வரும் ஆட்களுக்கு எக்கோ எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதை அறுவை செய்து எடுத்தே ஆக வேண்டும், கரையும் என்று காத்திருக்கக் கூடாது. மிக்ஸோமாவிலும் ஒரு சிறு பங்கு பரம்பரையாக வருவது உண்டு. கார்னி காம்ப்ளெக்ஸ் என்று பெயர். 1985-இல் கார்னி என்ற மருத்துவர் விவரித்தது. உதட்டிலும் கண்ணோரத்திலும் கரும்புள்ளிகள், ஹார்மோன் சுரப்பிகளில் கோளாறு, எடுத்த பிறகும் இதயத்தில் மறுபடி மறுபடி மிக்ஸோமா என்று அந்தக் குடும்பங்களில் வரும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ பார்ப்பது வழக்கம். அங்கே மூளைக்குக் கேடு இதயத்திலிருந்து பயணம் செய்து வருகிறது. உங்கள் குழந்தையுடையது அப்படி இல்லை. ராப்டோமயோமா கெட்டியான தசைக்கட்டி. துணுக்குகள் பிய்ந்து மூளைக்குப் போவது அதன் இயல்பு இல்லை. இரண்டும் 'இதயத்தில் சாதாரணக் கட்டி, பரம்பரை, மூளை பாதிப்பு' என்று ஒரே தேடலில் வந்து விழுவதால் குழம்பிவிட்டீர்கள்.

அப்படியென்றால் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்பது என்ன? நம் செல்களுக்குள் 'வளர்ந்தது போதும்' என்று நிறுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. டிஎஸ்சி1, டிஎஸ்சி2 என்ற இரண்டு மரபணுக்கள் அதற்கான புரதங்களைச் செய்கின்றன. முதலாவது 9-ஆம் குரோமோசோமில், மற்றது 16-ஆம் குரோமோசோமில். நம் ஆற்றுக்கால் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடைக்கு இரண்டு பலகை. ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதி இருக்கிறதே, அவைதான் அந்தப் பலகைகள். ஒன்று உடைந்தாலும் மற்றது தண்ணீரைத் தாங்கும். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு பலகை பிறக்கும்போதே பழுது. ஏதாவது ஓரிடத்தில் இரண்டாவதும் போனால் அந்த வயல் மட்டும் மூழ்கும். அதனால்தான் இந்த நோய் உடம்பு முழுக்க ஒரே சீராக இல்லாமல் இங்கே ஒரு கட்டி, அங்கே ஒரு தழும்பு என்று திட்டுத்திட்டாக வருகிறது. இதயத்தில் ராப்டோமயோமா. மூளையின் மேற்பரப்பில் செல்கள் அடுக்கு குலைந்து கெட்டியான திட்டுகள், உள்ளறைகளின் சுவரில் சிறு முடிச்சுகள். தோலில் வெளிர்ந்த புள்ளிகள். பிற்பாடு சிறுநீரகத்திலும், பெண்களுக்கு வளர்ந்த பிறகு நுரையீரலிலும். இதயமும் மூளையும் சேர்ந்து பாதிக்கப்படுவது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1862-இல் ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மானிய மருத்துவர், பிறந்ததும் இறந்துபோன ஒரு சிசுவின் இதயத்தில் கட்டிகளும் மூளையில் கெட்டித் திட்டுகளும் சேர்ந்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1880-இல் பாரிஸில் போர்ன்வில் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். மரபணுக்கள் பிடிபட்டது 1993-இலும் 1997-இலும்தான்.

ஏறக்குறைய 6,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. அபூர்வம்தான், ஆனால் கேள்விப்படாத அபூர்வம் இல்லை. இதயத்தில் ஒரே ஒரு கட்டி என்றால் சந்தேகம் கொஞ்சம் குறையும். ஒன்றுக்கு மேல் இருந்தால், பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் இருக்கக் காண்கிறோம். உங்களுக்கு மூன்று என்கிறீர்கள். எனவே 'இருக்காது, இருக்காது' என்று மனதைத் தேற்றிக்கொண்டு பிரசவத்துக்குப் போவதைவிட, இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தயாராவதுதான் குழந்தைக்கு நல்லது. இப்போதே வயிற்றுக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்பீர்கள். எடுக்கலாம், மூளையில் முடிச்சுகள் தெரிந்தால் நோய் உறுதிப்படும். தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம் ஆகாது. மரபணுச் சோதனையும் அப்படியே. நோய் இருக்கும் குழந்தைகளிலேயே பத்தில் ஒருவருக்கோ, அதற்குச் சற்று மேலாகவோ வழக்கமான சோதனையில் பழுது பிடிபடாமல் போகிறது. பிடிபட்டால் உறுதி, பிடிபடாவிட்டால் உடம்பில் தெரியும் அடையாளங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த 31-ஆம் வாரத்தில் யாராவது 'கலைத்துவிடு' என்று சொல்லியிருக்கவும் கூடும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் பல வீடுகளில் இந்தப் பேச்சு வரும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, 24 வாரத்துக்கு மேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் பார்த்து அனுமதித்தால் மட்டுமே சட்டம் இடம் தருகிறது. அது நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து, முழு விவரம் தெரிந்துகொண்டு யோசிக்க வேண்டியது. உறவினர்கள் முற்றத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கும் விஷயம் இல்லை.

அத்தை மகள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இந்த ஒரு சந்தேகத்தால் பெண்கள் படும் பாடு கொஞ்சமில்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் சில நோய்கள் கூடும் என்பது உண்மை. அவை, அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருந்து, இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். அப்படிப்பட்ட நோய் உள்ள குடும்பங்களிடம் சொந்தத்தில் கட்ட வேண்டாம் என்று நானே சொல்கிறேன். டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் அந்த வகை அல்ல. இதற்கு ஒரு பழுது போதும். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு அந்தப் பழுது பெற்றோர் யாரிடமும் இல்லாமல் புதிதாக உண்டானது. நீங்கள் அசலூரில், அந்நியத்தில் பெண் எடுத்திருந்தாலும் இதே அளவு வாய்ப்புதான். கிரகணம், கத்தி பிடித்தது, பப்பாளி தின்றது எதற்கும் இதில் பங்கு இல்லை. இதை உங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் நீங்களே உரக்கச் சொல்ல வேண்டும். உங்கள் மனைவி சொன்னால் எடுபடாது.

மிச்சம் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருகிறது. அந்தப் பெற்றோருக்கே தெரியாமலும் இருக்கும். இந்த நோய் சிலருக்கு மிக லேசாக இருந்துவிடும். அதனால் நீங்கள் இருவரும் ஒருமுறை தோல் டாக்டரிடம் முழு உடம்பையும் காட்டுங்கள். முதுகிலும் கால்களிலும் இலை வடிவில் வெளிர்ந்த புள்ளிகள். வீட்டில் 'தேமல்' என்று விட்டிருப்பார்கள். மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் சிவந்த சிறு பருக்கள். எத்தனை வயதானாலும் போகாத முகப்பரு என்று நினைத்திருப்பார்கள். இடுப்புக்கு மேல் முதுகில் ஆரஞ்சுத் தோல் போலத் தடித்த ஓரிடம். நகத்தைச் சுற்றி வளர்ந்த சிறு சதை. இருட்டறையில் ஊதா விளக்கு அடித்துப் பார்த்தால் வெளிர்ந்த புள்ளிகள் நன்றாகத் தெரியும். ஒன்றிரண்டு வெளிர்ந்த புள்ளிகள் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இருவரில் ஒருவருக்கு நோய் இருப்பது உறுதியானால் அடுத்தடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு. இருவருக்கும் இல்லை என்றால் மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. கருமுட்டைகளிலோ விந்தணுக்களிலோ மட்டும் பழுது ஒளிந்திருக்கலாம் என்பதால் நூற்றில் ஒன்றிரண்டு என்று சொல்வோம்.

பிரசவத்தைப் பற்றிக் கொஞ்சம். இதயத் துடிப்பும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை; கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஆனால் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில் பிரசவம் நடக்க வேண்டும். தாய்வீட்டு வழக்கம் என்று கிராமத்துக்குப் போய், வலி வந்த பிறகு ராத்திரியில் ஆம்புலன்ஸ் தேடாதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முன்கூட்டியே எக்கோ அறிக்கையோடு போய்ப் பதிந்து வையுங்கள். அடைப்பு இருக்கும் போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் மட்டும், குழந்தைகளின் இதய அறுவை செய்யும் திருவனந்தபுரம், சென்னை போன்ற இடங்களில் பிரசவமே வைத்துக்கொள்வதைப் பேசுங்கள்.

இனி நான் முதலில் சொன்ன வலிப்பு. டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் உள்ள குழந்தைகளில் பத்தில் எட்டுக்கு மேல் வாழ்நாளில் எப்போதாவது வலிப்பு வருகிறது, பாதிக்கு மேல் முதல் வயதுக்குள். அவற்றில் மிகவும் கெடுதலானது, மூன்றிலிருந்து எட்டு மாதத்துக்குள் அதிகம் தொடங்கும் ஸ்பாசம் என்கிற வகை. 'வலிப்பு' என்றதும் நம் மக்களுக்குத் தோன்றுவது கையும் காலும் வெட்டி, வாயில் நுரை தள்ளி, கண் செருகிக் கிடப்பது. இது அப்படி இருக்காது. குழந்தை தூங்கி எழுந்து படுத்திருக்கும். திடீரென்று தலை முன்னால் குனியும், இரண்டு கைகளும் விரிந்து மேலே தூக்கும், வயிறு மடங்கும். ஒன்றிரண்டு நொடிதான். விட்டுவிடும். சில நொடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து, பத்து, இருபது தடவை வரிசையாக வந்து நிற்கும். முடிந்ததும் குழந்தை அழும். மறுநாள் தூங்கி எழும்போது மறுபடியும். சில குழந்தைகளுக்கு வெறும் தலையாட்டலாகவோ, கண் மேலே போவதாகவோ மட்டும் இருக்கும்.

பார்க்கிற ஆச்சி என்ன சொல்வார்? பிள்ளை திடுக்கிடுகிறது, பயந்திருக்கிறது, ஒரு கயிறு மந்திரித்துக் கட்டு. அல்லது வயிற்றுவலி, ஓமத் தண்ணீர் கொடு. அல்லது உரம் விழுந்திருக்கிறது, உரம் எடுக்கிற ஆளிடம் கொண்டு போ. யாரையும் குறை சொல்லவில்லை. வயிறு மடங்கிக் கால் தூக்கி அழும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றுவலி என்றுதான் தோன்றும். 1841-இல் இங்கிலாந்தில் வெஸ்ட் என்ற மருத்துவர் தன் சொந்த மகனுக்கு நாலாம் மாதத்தில் இப்படித் தலை குனிந்து குனிந்து வந்ததைப் பார்த்துவிட்டு, முதலில் ஏதோ குழந்தைச் சேட்டை என்றுதான் எண்ணினார். பிறகு அவர் எழுதிய கடிதம்தான் இந்த வலிப்பைப் பற்றிய முதல் விவரிப்பு. மருத்துவரான தகப்பனுக்கே அப்படி என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இதயத்தில் கட்டி தெரியாமல் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் என்னிடம் வரும்போது, ஸ்பாசம் தொடங்கிச் சில வாரங்களோ மாதங்களோ போயிருக்கும். அதற்குள் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை விட்டிருக்கும். கழுத்து நின்றது மறுபடி தொங்கும். அந்த வாரங்களைத்தான் உங்கள் ஸ்கேன் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தந்திருக்கிறது.

ஆகவே, இப்படி எது வந்தாலும் போனில் வீடியோ எடுங்கள். குழந்தையின் தலை முதல் கால் வரை தெரியட்டும், நல்ல வெளிச்சத்தில், ஒரு வரிசை முழுவதும். அதை அன்றைக்கே டாக்டருக்குக் காட்டுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். ஸ்பாசம் என்று உறுதியானால் இந்த நோயில் முதலில் கொடுக்கும் மருந்து விகாபாட்ரின். வேறு காரணத்தால் வரும் ஸ்பாசத்துக்கு ஸ்டீராய்டு முதலில் வரும். டியூபரஸ் ஸ்கிளெரோசிஸில் மட்டும் விகாபாட்ரினுக்கு ஸ்பாசம் நன்றாகக் கேட்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: நீண்ட நாள் கொடுத்தால் பார்வையின் ஓரங்கள் சுருங்கலாம், அதனால் கண் பரிசோதனை வேண்டும், தேவைக்கு மேல் நீட்டக் கூடாது. கண்ணுக்குப் பயந்து மருந்தையே தொடாமல் இருப்பது, அந்த வயதில், அதைவிடப் பெரிய நஷ்டம். எல்லா மெடிக்கலிலும் இது இருக்காது. குழந்தை பிறந்த பிறகு எங்கே கிடைக்கும் என்று ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கோ வாங்கி மீந்த வலிப்பு சிரப்பை ஒருபோதும் கொடுக்காதீர்கள். சில வலிப்பு மருந்துகள் ஸ்பாசத்தைக் கூட்டிவிடும்.

வலிப்பு வருமுன்னே பிடிக்க முடியாதா? ஓரளவு முடியும். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனையில் பல குழந்தைகளுக்கு முன்னதாகவே மாறுதல் தெரிகிறது. அதனால் சர்வதேச வழிகாட்டுதல் முதல் வயது முடியும்வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறையும், இரண்டு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்கிறது. அதில் தூக்கமும் பதிய வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து இத்தனை தடவை வந்து போவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்; ஒன்றிரண்டு தவறினாலும் முதல் ஆறேழு மாதத்துடையதை விடாதீர்கள். ஈ.ஈ.ஜி. மாறியதும் வலிப்புக்குக் காத்திராமல் மருந்து தொடங்கலாமா என்பதில்தான் இன்னும் தெளிவு வரவில்லை. ஐரோப்பாவில் நடந்த ஆய்வு ஒன்று முன்கூட்டிய விகாபாட்ரினால் வலிப்பு குறைகிறது, தள்ளிப்போகிறது என்று காட்டியது. அமெரிக்காவில் நடந்து 2023-இல் வந்த ஆய்வில் ஸ்பாசம் குறைந்தது உண்மை, ஆனால் இரண்டு வயதில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. நான் என்ன செய்வேன் என்றால், ஈ.ஈ.ஜி. தெளிவாக மோசமானால் பெற்றோரிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டுத் தொடங்கும் பக்கம் சாய்வேன். வேறு நல்ல மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் அவர் சொல்வதும் தவறில்லை.

உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, பிள்ளை எப்படி இருக்கும், படிக்குமா என்பது. அதை இந்த ஸ்கேனை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இதயக் கட்டியின் எண்ணிக்கையோ அளவோ மூளை எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதில்லை. டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் மற்றவர்களைப் போலவே இருக்கிறது. கல்லூரி முடித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மறு பாதிக்கு லேசிலிருந்து கடுமை வரை பின்தங்கல். ஆட்டிசமும் பத்தில் நாலைந்து பேருக்குக் காணப்படுகிறது. டிஎஸ்சி2 பழுது இருந்தால் சராசரியாகக் கொஞ்சம் கடுமை கூட. ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு, ஒரு குழந்தைக்கான ஜாதகம் இல்லை. சீக்கிரம் தொடங்கி அடங்காத வலிப்பு இருக்கும் குழந்தைகள் பின்தங்குவது அதிகம் என்பது உறுதி. அதில் வலிப்பின் பங்கு எவ்வளவு, மூளைத் திட்டுகளின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிரித்துச் சொல்ல முடியாதது. நம் கைக்கு எட்டுவது வலிப்பு என்பதால் அதைப் பிடிக்கிறோம். பேச்சிலோ நடையிலோ தாமதம் தெரிந்தால், 'இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று காத்திராமல் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காட்டிப் பயிற்சி தொடங்குங்கள். அரசு செலவில் கிடைக்கிறது.

பிற்பாடு பார்க்க வேண்டியவை இருக்கின்றன, இப்போதைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளை உள்ளறை முடிச்சு சிலருக்குப் பெரிதாகி மூளை நீர் போகும் வழியை அடைக்கும். அதனால் 25 வயதுவரை ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. அது பெருத்தால் அறுவை உண்டு, அல்லது எவரோலிமஸ். இந்த மருந்து 2010 முதல் அதற்கென்றே பயன்பாட்டில் இருக்கிறது; நான் மேலே சொன்ன மடையை மறுபுறத்திலிருந்து அடைப்பது போல வேலை செய்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு ஒரே திட்டிலிருந்து கிளம்பினால் அந்தத் திட்டை எடுக்கும் அறுவையும் உண்டு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதயக் கட்டி கரைந்தது உறுதியாகும்வரை ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ, அதன் பிறகும் சில ஆண்டுக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. தாய்ப்பால், தடுப்பூசி எல்லாம் மற்ற குழந்தைகளைப் போலவே. எவரோலிமஸோ ஸ்டீராய்டோ தொடங்கினால் மட்டும் எந்தத் தடுப்பூசியைத் தள்ளுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் சொல்லலாமா என்றீர்கள். சொல்லுங்கள். ஸ்கேன் அறையில் படுத்திருந்தவர் அவர்தான். டாக்டரின் முகம் மாறியதை அவர் முதலில் பார்த்திருப்பார். நீங்கள் மறைப்பதால் அவருக்குத் தெரியாமல் இருக்கப்போவதில்லை, தனியாகப் பயப்படுவார், அவ்வளவுதான். அதோடு மூன்றாம் மாதத்திலிருந்து குழந்தையின் பக்கத்திலேயே இருந்து அந்த இரண்டு நொடி அசைவைப் பார்க்கப் போகிறவரும் அவர்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். இதயக் கட்டி கரையக்கூடியது, இது அவர் செய்த எதனாலும் வந்ததல்ல, பிறந்தபின் சில சோதனைகள் உண்டு என்பதை முதலில் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த எக்கோவுக்கு இருவரும் சேர்ந்து போய் டாக்டரிடமே கேளுங்கள்.

அந்த எக்கோவை இரண்டு மூன்று வாரத்தில் எடுப்பார்கள். அறிக்கையில் கட்டியின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு இருக்கிறதா, வால்வு ஒழுகுகிறதா, துடிப்பு சீராக இருக்கிறதா, எங்காவது நீர் கோத்திருக்கிறதா என்ற நாலும் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே நின்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கு முன்னால் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, மனைவிக்கு வயிறு திடீரென்று பெருத்து இறுகினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே போய்விடுங்கள்.